‘கன்சல்டன்சிக்கு எவ்வளவு கட்டினீங்க?’: தென்னாப்பிரிக்காவில் முதல் இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்களுக்கு

எனக்கு முதல் இன்டர்ன்ஷிப் கிடைத்த சேதி திருச்சிக்குப் போனதும் பெரியப்பா போன் செய்தார். வாழ்த்தெல்லாம் இரண்டு நொடிதான். “கன்சல்டன்சிக்கு எவ்வளவு கட்டினீங்க?” என்றார். ஒன்றும் கட்டவில்லை, அவர்கள்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எதுக்கும் பாத்து இரும்மா, பாஸ்போர்ட்டைக் கையில குடுத்துடாத” என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. ஊரில் கன்சல்டன்சி என்றால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்சி. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு, உள்ளே முன்பணம் வாங்க ஒருவர். ஆனால் குழப்பம் பெரியப்பாவோடு நிற்கவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் நான் இந்தத் தொழிலுக்கு, அதாவது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங்குக்கு, வந்து சில வருடங்களாகின்றன. விடுமுறைதோறும் என் டீமுக்கு மாணவர்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் தமிழ் வகுப்பு வாசலிலும் அப்பா அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டிவந்து விசாரிக்கிறார்கள். கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன, அவற்றுக்கு அடியில் இருக்கும் தப்பான எண்ணங்களும் அப்படியே. எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஒரு கம்பெனிக்கு ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. எந்தக் கிளைகளை மூடுவது, செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது, பக்கத்து நாட்டில் கடை திறக்கலாமா. உள்ளே இருப்பவர்களுக்கு அன்றாட வேலையே தலைக்கு மேல். அதனால் வெளியிலிருந்து நாலைந்து பேரைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ வைத்து விடை தேடச் சொல்கிறார்கள். அந்த நாலைந்து பேர்தான் கன்சல்டன்டுகள். 1926-ல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்ஸி, 1963-ல் வந்த பிசிஜி, 1973-ல் வந்த பெய்ன் மூன்றும் உத்தி சொல்லும் கூட்டம். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி நான்கும் ஆடிட்டில் வளர்ந்து கன்சல்டிங்கையும் சேர்த்துக்கொண்டவை. ஆக்சென்ச்சர் போன்றவை தொழில்நுட்பம் பக்கம் சாய்ந்தவை. எல்லாவற்றுக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் அலுவலகம் உண்டு.

இவர்களில் யாரும் உங்களிடம் ஒரு ராண்டு கேட்க மாட்டார்கள். வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதையே இந்த நாட்டின் 2014 வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடுக்கிறது. ‘இன்டர்ன்ஷிப் பதிவுக் கட்டணம்’ என்று வாட்ஸ்அப்பில் வங்கிக் கணக்கு எண் வந்தால் நம்பரை பிளாக் செய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அடுத்த குழப்பம் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சென்னையில் படிக்கும் அத்தைப் பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் மாமா பையனோ சொல்லும் இன்டர்ன்ஷிப்பை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தேடினால் தப்பான வாசலில் நிற்பீர்கள். படிக்கும்போதே விடுமுறையில் சில வாரங்கள் போய்ச் செய்வதற்கு இங்கே பெயர் ‘வேக் வொர்க்’. ‘இன்டர்ன்ஷிப்’ என்று போட்டிருந்தால், முக்கியமாக அரசாங்க விளம்பரங்களில், படிப்பை முடித்தவர்களுக்கான ஒரு வருடமோ அதற்கு மேலோ போகும் திட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘லெர்னர்ஷிப்’ என்பது இரண்டிலும் சேராது. அது ஒரு பயிற்சித் தகுதிக்காகப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம். கன்சல்டிங் நிறுவனங்களின் தளத்தில் நீங்கள் தேட வேண்டியது வேக் வொர்க். சிலர் அதையே இன்டர்ன்ஷிப் என்றும் போடுவார்கள், அதனால் தலைப்பை விட்டுவிட்டு, எத்தனை வாரம், எந்த வருட மாணவர்களுக்கு என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள்.

ஆடிட் வேறு, கன்சல்டிங் வேறு

இதில் ஏமாந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு பெரிய நிறுவனங்களில் ஒன்றில் பையனுக்கு வேக் வொர்க் கிடைத்துவிட்டது என்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். போய்ப் பார்த்தால் அது ஆடிட் பிரிவு. கன்சல்டிங் ஆசையோடு போனவன் மூன்று வாரம் வவுச்சர்களைச் சரிபார்த்துவிட்டு, “அக்கா, இதுதான் கன்சல்டிங்கா?” என்று கேட்கிறான்.

இல்லை தம்பி, இது கன்சல்டிங் இல்லை. சிஏ ஆவதுதான் குறி என்றால் நீங்கள் போக வேண்டியது ஆடிட்டுக்குத்தான். பட்டத்துக்குப் பிறகு, சாய்கா (இந்த நாட்டின் சிஏ சங்கம்) பதிவு பெற்ற அலுவலகத்தில் பொதுவாக மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஸ் என்ற பயிற்சியை முடிக்க வேண்டும், அந்த வேக் வொர்க் அதற்கான வாசல். மெக்கின்ஸியில் ஆறு வாரம் இருந்தேன் என்பது அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கும் கட்டத்தை அவசரத்தில் தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

எந்த வருடம், எந்த மாதம்

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. வேக் வொர்க் நடப்பது ஜூன்-ஜூலை குளிர்கால விடுமுறையிலும், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரையிலும். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே திறந்து மூடிவிடும். ‘கடைசி வருடம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பது நம் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், அதிகம் நஷ்டம் தரும் வாக்கியமும் அதுதான். கடைசிக்கு முந்தைய வருடத்திலேயே தொடங்குங்கள். ஜனவரியில் ஒருநாள் உட்கார்ந்து நீங்கள் விரும்பும் பத்து நிறுவனங்களின் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மறப்பது நீங்கள், அம்மா மறக்க மாட்டார்.

யார் போகலாம்

எம்பிஏ வேண்டும், பிகாம் வேண்டும் என்பது பொய். எஞ்சினியரிங், ஆக்சுவேரியல், கணிதம், இயற்பியல் எல்லாரும் வருகிறார்கள். என் டீமில் நன்றாக வேலை செய்தவர்களில் ஒருத்தி உயிரியல் படித்தவள்; சோதனைக்கூடத்தில் குறிப்பு எழுதும் பழக்கத்தால் அவளுடைய எக்செல்லைத் திறந்தால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவேண்டியிருக்காது.

மார்க் மட்டும் போதும் என்பதும் பாதிப் பொய். மார்க் என்பது கேட். பல்கலைக்கழக மதிப்பெண்களோடு மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) பட்டியலையும் பலர் கேட்பார்கள், அதில் கணிதம் எப்படி என்று பார்ப்பார்கள். கேட்டைத் தாண்டிய பிறகு 78-க்கும் 84-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. “ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும்” என்று சொல்கிறவர்களுக்கு: ஆள் தெரிந்தால் சிவியை ஒருவர் கொஞ்சம் கவனமாகப் படிப்பார். இன்டர்வியூ அறைக்குள் அந்த ஆள் வர மாட்டார்.

இன்னும் இரண்டு விஷயம், கொஞ்சம் சிக்கலானவை. ஒன்று விசா. படிப்பு விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் பகுதி நேர வேலை பார்க்கலாம். வேக் வொர்க்கோ முழு நேரம். ஆகவே ஆஃபர் கையில் வந்ததும் கையெழுத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, பிஇஇ என்று எல்லாரும் சொல்லும் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டம். ‘இந்தியர்களும் அதில் உண்டு, நமக்கும் முன்னுரிமை’ என்று புதிதாக வந்த குடும்பங்களில் ஒரு நம்பிக்கை. அந்தச் சட்டம் சொல்வது பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ள ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரையும், 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவர்களையும். 1860-ல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்த, டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதிப் பையனுக்கு அது பொருந்தும். 2000-களில் ஐடி வேலைக்கு வந்து பிறகு குடியுரிமை வாங்கிய அப்பாவுக்குப் பொருந்தாது. நானும் ஒன்பது வயதில் அப்படி வந்தவள்தான். படிவத்தில் தெரியாமல் டிக் செய்துவிட்டு, பிறகு ஆவணம் கேட்கும்போது கையைப் பிசையவேண்டாம். அந்தக் கட்டத்தில் டிக் இல்லாமலும் வேலை கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது.

சிவி

ஒரு பக்கம். போட்டோ, அப்பா பெயர், மதம் எதுவும் வேண்டாம்.

‘ஆபீஸ் அனுபவம் இல்லையே, என்ன எழுதுவது’ என்று தவிக்கிறார்கள். டர்பனிலிருந்து ஒரு பையன் சிவி அனுப்பியிருந்தான். கடைசி வரியில் ‘கோயில் தொண்டு’ என்று இரண்டே சொல். போனில் விசாரித்தேன். பத்து நாள் திருவிழாவுக்கு மூன்று வருடமாக அன்னதானச் சாமான் வாங்குவது அவன் பொறுப்பு. முதல் வருடம் அரிசி மிஞ்சிப்போனது, அடுத்த வருடம் தினமும் இலைக்கணக்கை எழுதிவைத்து, கடைசி நாளும் காவடி நாளும் மட்டும்தான் கூட்டம் இரண்டு மடங்கு என்று கண்டுபிடித்து, வாங்கும் அளவை மாற்றியிருக்கிறான். இதை விட்டுவிட்டு ‘மைக்ரோசாஃப்ட் வேர்ட் தெரியும்’ என்று மேலே எழுதியிருக்கிறான்! அதை எடுத்துவிட்டு, எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு மிச்சமானது என்று இரண்டு வரி எழுதச் சொன்னேன். அப்பாவின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தது, தம்பிக்கும் அவன் நண்பர்களுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாமே அனுபவம்தான், எண்ணோடு எழுதினால்.

கேஸ் இன்டர்வியூ: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கேஸ் என்றால் ஒரு கம்பெனியின் பிரச்சினையைச் சொல்லி, உங்களையே யோசிக்கவிட்டுப் பார்ப்பது. இதற்குப் புத்தகத்தில் உள்ள சட்டகங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள் நம் பிள்ளைகள். மனப்பாடம் நமக்குக் கைவந்த கலை, அதுதான் வினை. எதைக் கேட்டாலும் ‘வாடிக்கையாளர், போட்டியாளர், கம்பெனி’ என்று ஒப்பிக்கத் தொடங்கினால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

போன வருடம் ஃபீனிக்ஸ்காரத் தம்பி ஒருவன் (ஃபீனிக்ஸும் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த பகுதிதான்) என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பழகினான். (பேசியது ஆங்கிலத்தில்தான், டர்பன் பிள்ளைகளோடு வேறு எப்படிப் பேசுவது. இங்கே தமிழில் தருகிறேன்.) நான் கொடுத்த கேள்வி இது: ஃபீனிக்ஸில் ஒரு பேக்கரி இருக்கிறது. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) கடைகளுக்கு ரொட்டி போடலாமா என்று முதலாளி யோசிக்கிறார். டர்பனில் ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி தேவைப்படும்?

“அக்கா, எனக்கு எண் ஒன்றுமே தெரியாதே.”

தெரிந்ததிலிருந்து தொடங்கு என்றேன். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரில் சுமார் 42 லட்சம் பேர். அதில் 15 வயதுக்கு மேல் 30 லட்சம் என்று வைத்துக்கொண்டான். கடையில் பன்னி வாங்கிச் சாப்பிடுகிறவர் மூன்றில் ஒருவர், அதாவது 10 லட்சம். ஆளுக்கு மாதம் இரண்டு. மாதம் 20 லட்சம் பன்னி, ஒரு நாளைக்கு சுமார் 65,000. எல்லாரும் குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி, வாங்குகிறார்கள் என்றால் நாலு பன்னிக்கு ஒரு ரொட்டி. சுமார் 16,000 ரொட்டி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“இது சரியா?” என்று மட்டும் கேட்டேன்.

திரும்பவும் கணக்கை முதலிலிருந்து கூட்டத் தொடங்கினான். அதுதான் எல்லாரும் செய்வது. கணக்கில் தப்பில்லை, கணக்குக்கு வெளியே போய்ப் பார் என்றேன். கொஞ்சம் யோசித்தான். அவன் தெருமுனைக் கடையில் ஒரு நாளைக்கு நூறு பன்னி போகலாம். அப்படியானால் 65,000-க்கு 650 கடை வேண்டும். 6,500 பேருக்கு ஒரு கடை. “ஃபீனிக்ஸில் நிச்சயம் இருக்கு. சாட்ஸ்வர்த்தில் இன்னும் அதிகம். ஆனால் ஆப்பிரிக்கர்கள் வாழும் உம்லாஸியில் இவ்வளவு இருக்காதே அக்கா.” மூன்றில் ஒருவர் என்பதை நாலில் ஒருவர் என்று குறைத்தான். ஒரு நாளைக்கு 50,000 பன்னி, 12,500 ரொட்டி.

இந்த 12,500 உண்மையான எண்ணா என்றால் எனக்குக் கவலையில்லை, இன்டர்வியூ எடுப்பவருக்கும் இல்லை. அவன் தன் ஊகத்தைத் தானே இன்னொரு பக்கத்திலிருந்து தட்டிப்பார்த்தான், ஓட்டை தெரிந்ததும் கூச்சப்படாமல் மாற்றினான். பார்ப்பது அதைத்தான். அதற்கப்புறம் அவனாகவே ஒன்று சொன்னான்: பன்னிக்கு வெட்டாத ரொட்டி வேண்டும், அதுவும் மதியத்துக்கு முன் கடைக்கு வந்துவிட வேண்டும், ஆகவே பேக்கரிக்காரர் ரொட்டி எண்ணிக்கையை விட வண்டியைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். எந்தச் சட்டகத்திலும் அது இல்லை. பன்னி சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத்தான் அது தெரியும்.

பழகும் முறை: ஒரு நண்பரோடு வாரம் மூன்று கேஸ், சத்தமாக. தனியாக மனதுக்குள் போட்டுப்பார்ப்பது நீச்சலைக் கட்டிலில் பழகுவது மாதிரி. கால்குலேட்டர் இல்லாமல் சதவீதம் போடப் பழகுங்கள். பெரிய எண்களை லட்சத்தில் யோசிக்கிறவர்கள் மில்லியனுக்கு மாறும்போது ஒரு பூஜ்யத்தைத் தொலைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் நிதானமாகப் போங்கள்.

போகிறதுக்கு முன்னால்

டர்பனிலிருந்து வருகிறவர்களுக்கு: ஜோஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் தூரம் மட்டுமில்லை, கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம். ஜூலை காலையில் கார் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். சூட் வாங்கக் காசு சேர்த்துவிட்டு ஸ்வெட்டரை மறந்துவிட்டு வருகிறார்கள்.

தங்குமிடம் தருவீர்களா என்று ஆஃபர் வந்ததும் கேளுங்கள், கேட்பது குற்றமில்லை. ‘லெனேசியாவில் சித்தி வீடு இருக்கே’ என்பார்கள். லெனேசியா ஊரின் தென்மேற்கில், அலுவலகங்கள் வடக்கே சாண்ட்டனிலும் ரோஸ்பேங்கிலும். ஹவுட்ரெயின் என்ற விரைவு ரயில் லெனேசியா பக்கம் போவதில்லை. கார் இல்லாமல் தினமும் போய்வந்தால் இரண்டாவது வாரமே களைத்துவிடுவீர்கள். சித்தி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போங்கள்.

முதல் வாரம்: பெயர் சொல்லிக் கூப்பிடுவது

சிரிக்காதீர்கள், எனக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அப்பா வயதுள்ள பார்ட்னரை (நிறுவனத்தின் பங்குதாரரை) எல்லாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. ‘சார்’ என்றால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் முழுக்க எந்தப் பெயரும் சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேசினேன். அதனால் நான் பேசவே தயங்குகிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள். பெயரைச் சொல்லிவிடுங்கள். மரியாதை குறைந்ததாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி கேட்பதும் இதே ரகம். பெரியவர் ஒன்று சொன்னால் தலையாட்டுவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே தலையாட்டிவிட்டு மூன்று மணி நேரம் தப்பான வேலை செய்தால் அது யாருக்கும் உதவாது. வேலை கொடுத்ததும், “இதுதானே வேண்டும், இந்த நேரத்துக்குள், இந்த வடிவத்தில்” என்று திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.

வேலை என்னவென்றால், எக்செல்

கம்பெனி முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து ஆலோசனை சொல்வோம் என்ற கனவு இருந்தால் இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். கோப்புகளைச் சுத்தம் செய்வது, பத்துப் பேருக்குப் போன் போட்டு விவரம் கேட்பது, ஸ்லைடில் எழுத்தளவு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்தச் சின்ன வேலையின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

என் இரண்டாவது வாரம். க்ளையன்ட் ஒரு கடைத்தொடர். மூன்று கோப்புகளில் கிளைவாரியாக விற்பனை வந்திருந்தது, நான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். இரவு ஒன்பதரைக்கு மொத்தத்தைப் பார்த்தால் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருப்பதைவிட நாலு சதவீதம் அதிகம். டேலி ஆகவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. மேனேஜருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். இந்த நேரத்தில் கூப்பிட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பாரே என்று விட்டுவிட்டேன். நாலு சதவீதம்தானே, வேறு ஏதாவது வரையறையாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம்.

மறுநாள் அந்த எண் ஸ்லைடில் ஏறி மீட்டிங்குக்குப் போய்விட்டது. க்ளையன்ட் பக்கத்து நிதி அதிகாரி திரையை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “இது எங்கள் மொத்தம் இல்லையே” என்றார். அதற்குப் பிறகு இருந்த பதினெட்டு ஸ்லைடையும் யாரும் நம்பிப் பார்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து தேடியபோது கிடைத்தது: பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளை ஒரு கோப்பில் முழுப் பெயரோடு, இன்னொன்றில் ‘பிஎம்பி’ என்று. நான் இரண்டு கிளையாக எண்ணியிருந்தேன்.

மேனேஜர் கத்தவில்லை. இரவே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் முகம் மாறியது அந்த இடத்தில்தான், கணக்குத் தப்பான இடத்தில் இல்லை. இன்றைக்கு என் டீமுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்வது இரண்டே விஷயம். எந்தக் கோப்பைச் சேர்த்தாலும் வெளியே அச்சில் இருக்கும் ஒரு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒப்பவில்லை என்றால் எத்தனை மணியானாலும் எனக்குச் சொல்லுங்கள்.

ராத்திரி வரை உட்கார்ந்திருப்பதே உழைப்பு என்ற எண்ணமும் சேர்ந்து வருகிறது. சில இரவுகள் நீளும், மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகும் மேனேஜர் கிளம்பட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். “முடிந்தது, வேறு ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள், இல்லை என்றால் வீட்டுக்குப் போங்கள்.

சாப்பாடு, விரதம்

டீம் டின்னரிலும் பிராயிலும் (வெளியில் கரி மூட்டி இறைச்சி சுடும் விருந்து) மது குடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் சொன்னால் வறுத்த உருளைக்கிழங்குதான் கிடைக்கும். ஜூலை வேக் வொர்க் ஆடி மாதத்தோடு மோதும். கோயிலில் கூழ் ஊற்றும் நாளுக்கு டர்பன் போகவேண்டும் என்றால் முதல் வாரத்திலேயே தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தீபாவளியே இங்கே அரசு விடுமுறை இல்லை, ஆகவே நம் நாட்கள் அவர்கள் காலண்டரில் இருக்காது. சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். சொல்லாமல் காணாமல் போனால்தான் பிரச்சினை.

குடும்ப வாட்ஸ்அப் குழு

க்ளையன்ட் யார் என்று அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது. முதல் நாள் நீங்கள் கையெழுத்துப் போடும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் அது இருக்கும், யாரும் படிப்பதில்லை. ‘எங்க பொண்ணு இன்னைக்கு அந்த பேங்க் ஹெட் ஆபீஸுக்குப் போயிருக்கா’ என்று அம்மா பெருமையாகப் போடும் ஒரு வரி, எட்டுச் சித்தப்பாக்கள் வழியாக எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த பேங்கில் வேலை பார்க்கும் ஒருவரும் அதே குழுவில் இருக்கலாம். நம் ஊர்க்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டால், “ஒரு பெரிய கம்பெனிம்மா” என்பதோடு நிறுத்துங்கள்.

‘இவங்கதானே ஊழல்ல மாட்டினது?’

டர்பன் தாத்தாக்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். வரித்துறையில் பெய்ன் செய்த வேலையை 2018-ல் அந்தத் துறையை விசாரித்த நியூஜன்ட் ஆணையம் கடுமையாகச் சாடியது; அரசாங்க ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தின், 2022 ஜனவரியில் வந்த முதல் அறிக்கையிலும் அது இருக்கிறது. அரசு மின்சார நிறுவனமான எஸ்காமிடம் வாங்கிய கிட்டத்தட்ட நூறு கோடி ராண்டை மெக்கின்ஸி 2018-ல் திருப்பிக் கொடுத்தது. 2017-ல் கேபிஎம்ஜி வரித்துறை பற்றிய தன் அறிக்கையின் முடிவுகளைத் திரும்பப் பெற்றது.

எல்லாரும் திருடர்கள் என்பதும் தப்பு, அதெல்லாம் பழைய கதை என்று தள்ளுவதும் தப்பு. இன்டர்வியூ முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள் அல்லவா, அப்போது கேளுங்கள்: அதற்குப் பிறகு அரசு வேலைகளை எடுப்பதில் என்ன மாற்றினீர்கள்? நல்ல நிறுவனம் என்றால் நேராகப் பதில் வரும். மழுப்பினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். வேலையின் நடுவில் ‘இந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிப்போடு’ என்று யாராவது சொன்னால், எதன் அடிப்படையில் என்று ஒரு ஈமெயிலில் கேளுங்கள். இன்டர்ன் என்பதால் வாயை மூடிக்கொள்ளவேண்டியதில்லை.

கடைசி வாரம்

வேக் வொர்க் முடிந்தால் வேலை உறுதி என்று நினைக்காதீர்கள். ஆஃபர் வரவில்லை என்றால் எல்லாம் போச்சு என்றும் நினைக்காதீர்கள். ஒரு அலுவலகம் எத்தனை பேரை எடுக்கும் என்பது அந்த வருடம் அவர்களிடம் எத்தனை ப்ராஜெக்ட் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கடைசி வாரத்துக்கு முன்பே மேனேஜரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, எதில் குறை என்று உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதிவையுங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘ஞாபகத்துக்காக’ ஸ்லைடுகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்காகவே ஆஃபரை இழந்தவர்கள் உண்டு.

சம்பளம்

பெரிய நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. ‘அனுபவமே சம்பளம்’ என்று சொல்லும் சின்ன அலுவலகங்களும் இருக்கின்றன. உங்களை வேலையாள் போல நேரம் குறித்து வேலை வாங்கினால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களையும் தொடும். 2025 மார்ச் 1-ல் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். ஒப்பந்தத்தில் மணி நேரமும் தொகையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சம்பளச் சீட்டில் வருமான வரி பிடித்திருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைவீர்கள். அந்த மாதச் சம்பளம் வருடம் முழுக்க வருவதாக எண்ணிக் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆண்டு வருமானம் ஓர் அளவைத் தாண்டாவிட்டால் வரி இல்லை; 65 வயதுக்குள் இருப்பவருக்கு 2025/26 வரியாண்டில் அந்த அளவு 95,750 ராண்டாக இருந்தது. ஆறு வாரம் மட்டும் வேலை பார்த்தவர் பெரும்பாலும் அதைத் தாண்ட மாட்டார். வரி எண் இல்லை என்றால் வாங்கிக்கொண்டு, நிறுவனம் அனுப்பும் ஐஆர்பி5 தாளை (சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய சான்று) பத்திரமாக வைத்து, ஜூலையில் தாக்கல் தொடங்கும்போது கணக்குக் காட்டுங்கள். பிடித்த பணம் திரும்ப வரும். எனக்கு முதல் முறை வந்தபோது அதில் பெரியப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்து அனுப்பினேன். “அவங்க குடுத்த காசா?” என்று மறுபடியும் கேட்டார்.